முற்றத்துத் தவளையும் இல்லறத்தார் நோன்பும்

கொல்லாமையை நாம் பெரும்பாலும் உணவைக் கொண்டே அளந்து வருகிறோம். புலால் உண்பதில்லை, தேன் கொள்வதில்லை, கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை, வடிகட்டாத நீரைப் பருகுவதில்லை. இவை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வங்கள். இவற்றுள் ஒன்றையேனும் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அடுக்களையில் இத்துணை விழிப்போடிருக்கும் நாம் குளியலறையிலும் கொல்லைப்புறத்திலும் வண்டி நிறுத்துமிடத்திலும் அதே விழிப்போடு இருக்கின்றோமா என்பது கேட்கத்தக்க வினா. இந்த வினாவை ஆண்டுதோறும் நம் வாயிற்படிக்கே கொண்டு வரும் சிற்றுயிர் ஒன்று உண்டு. அது தவளை.

பூவிருந்தவல்லியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒருபுறம் செம்பரம்பாக்கம் ஏரி, மற்றொருபுறம் போரூர் ஏரி. இவற்றிடையே அமைந்தது நம் ஊர். அருகிலுள்ள ஐயப்பன்தாங்கலின் பெயரிலேயே ‘தாங்கல்’ இருக்கிறது. தாங்கல் என்பது சிறு நீர்நிலை. வயலும் வாய்க்காலும் தாங்கலுமாய் இருந்த நிலமே இன்று மனைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியுள்ளது. நம் குடும்பங்கள் பல, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து கல்வியையும் பணியையும் முன்னிட்டுச் சென்னைப் புறநகர்களுக்குக் குடிவந்தவை. தவளைகளோ எங்கிருந்தும் வந்தவை அல்ல. நாம் வருமுன்பே இந்நிலத்தில் வாழ்ந்த உயிர்களின் வழித்தோன்றல்கள் அவை. ‘வீட்டுக்குள் தவளை வந்துவிட்டது’ என்று நாம் சொல்லும்போது, யார் இடத்திற்கு யார் வந்தார் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் இல்லங்களில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. ஒன்று, தோல் தடித்துச் சொரசொரப்பாக, அந்தியில் வாயிற்படியோரம் வந்தமரும் தேரை. மற்றொன்று, விரல் நுனிகளில் சிறு வட்டத் தட்டுகள் கொண்டு சுவரிலும் கதவிலும் ஏறும் மரத்தவளை. வெயில் காலத்தில் மரத்தவளை ஈரம் தேடிக் குளியலறைக்கு வருகிறது. பகல் முழுதும் கைகால்களை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, ஈரம் உலர்ந்து போகாதவாறு அசைவின்றி இருக்கிறது. மழைக்காலத்தில் நீருக்கு மேலே தொட்டிச் சுவரிலோ செடியிலோ வெண்ணுரையால் கூடு கட்டி, அதனுள் முட்டையிடுகிறது. சில நாட்களில் தலைப்பிரட்டைகள் அந்நுரையிலிருந்து நழுவிக் கீழுள்ள நீரில் விழுகின்றன. தொட்டியைக் கழுவ வருவோர் சோப்பு நுரை என்றெண்ணி வழித்தெறிவது பெரும்பாலும் இந்தக் கூட்டைத்தான்.

தவளை இனம் தோலின் வழியாகவும் மூச்சு விடுகிறது. நீரையும் வாயால் பருகாமல் தோலாலேயே உறிஞ்சுகிறது. நமக்குத் தரையைத் துடைக்கும் பினாயிலும், பிளீச்சிங் பவுடர் கரைந்த நீரும், செடிக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தும் அதற்கு நேரே உடலுக்குள் செல்லும் நஞ்சாகின்றன. நாம் அதைத் தொடவே இல்லை, விரட்டவும் இல்லை, ஆயினும் அது இறக்கிறது. ‘நான் கொல்லவில்லை’ என்னும் சொல் இந்த இடத்தில் எவ்வளவு தூரம் செல்லும்?

இதனை ஆராய நம் நூல்களில் ஒரு கதை இருக்கிறது. சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், அருகப் பெருமானின் திருவடி வழிபாட்டின் மேன்மையைக் காட்டுவதற்கு எடுத்துக்காட்டாக நிற்பது இராஜகிருக நகரத்துத் தவளையே. அதன் வரலாற்றை உரை விரித்துரைக்கிறது. நாகதத்தன் என்னும் வணிகன் வஞ்ச மனத்தோடு வாழ்ந்து இறந்து, தன் வீட்டு முற்றத்துக் குளத்திலேயே தவளையாகப் பிறந்தான். அவன் மனைவி பவதத்தை நீருக்கு வந்தபோது, தவளைக்குப் பழம்பிறப்பு நினைவு வந்தது. அது அவள்மேல் தாவியது. அவள் தள்ளிவிட்டாள். மீண்டும் வந்தது, மீண்டும் தள்ளினாள். பின்னர் அவதிஞானம் உடைய சுவிரத முனிவரை வினவி, அது தன் கணவனின் உயிர் என்றறிந்தாள். அன்று முதல் அதனை மதிப்போடு வீட்டில் வைத்துப் பேணினாள். பகவான் மகாவீரர் வைபார மலையில் எழுந்தருளியபோது, சிரேணிக மன்னனும் நகரத்தாரும் வழிபடச் சென்றனர். அத்தவளையும் ஒரு தாமரை மலரைக் கவ்விக்கொண்டு புறப்பட்டு, வழியில் யானையின் காலடியில் பட்டு இறந்து, சௌதர்ம கல்பத்தில் தேவனாகப் பிறந்தது.

இக்கதையின் முடிவை நாம் அனைவரும் அறிவோம். பிள்ளைகளுக்கும் சொல்லி வருகிறோம். அதன் நடுப்பகுதியையே இங்கு சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம். பவதத்தை தீயவள் அல்லள். தவளையை அவள் கொல்லவில்லை, தள்ளினாள், அவ்வளவே. நம்மில் எவரும் அதைத்தான் செய்வோம். முனிவர் கூறிய பின்னரே, தள்ளிய கை பேணும் கையாயிற்று. முனிவர் கூறாதிருந்தால்? அந்தத் தவளை அப்போதும் அதே உயிர்தான். அதன் பசியும் அச்சமும் அப்போதும் அவைதாம். மாறியது அவளுடைய அறிவு ஒன்றே.

நமக்கு அவதிஞானிகள் இல்லை. இன்ன தவளை இன்னாருடைய உயிர் என்று சொல்வார் எவரும் காட்டுப்பாக்கத்தில் இல்லை. ஆயினும், தொடக்கமற்ற பிறவிச் சுழலில் ஒவ்வோர் உயிரும் மற்றோர் உயிருக்குத் தாயாகவும் மகவாகவும் எப்போதோ இருந்ததென்று நம் ஆகமம் கற்பிக்கிறது. பவதத்தைக்கு முனிவர் தனித்து உரைத்ததை, ஆகமம் நம் எல்லோருக்கும் பொதுவாக உரைத்துவிட்டது. உறவென்று தெரிந்தபின் பேணுவது எல்லாரும் செய்வது. தெரியாதபோதும் பேணுவதே நோன்பு.

தவளையைக் காக்கச் சொல்வோர் பலர் வேறொரு காரணம் கூறுவர்: அது கொசுவைத் தின்கிறது, பயிர்ப்பூச்சியை அழிக்கிறது, ஆகவே காக்க வேண்டும் என்பர். இது பொய்யன்று. நம் நாட்டிலிருந்து தவளைக்கால்கள் ஒரு காலத்தில் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயின. வயல்களில் தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்ற கவலை வலுத்த நிலையில், 1987 ஆம் ஆண்டு இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. நல்ல செயல்தான். ஆனால் அதன்பின் நிகழ்ந்ததையும் காண வேண்டும். உண்போர் உண்பதை நிறுத்தவில்லை. இந்தோனேசியத் தவளைகள் அவ்விடத்தை நிரப்பின. பயன் கருதிய இரக்கம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடும் என்பதற்கு இது சான்று. பயன் தராத உயிரை அந்த இரக்கம் கைவிடும். நாளை கொசுவை ஒழிக்கத் தவளையினும் சிறந்த கருவி வந்தால், தவளைக்கு என்ன நியாயம் எஞ்சும்? நாம் பேணுவது அது நமக்கு உழைக்கிறது என்பதற்காக அன்று. ஐம்பொறி உடைய உயிர், வலி அறியும், வாழ விழையும் என்பதற்காகவே.

மற்றொரு வகை ஆறுதலும் நம் நாட்டில் வழங்குகிறது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் உணவளிக்கிறான் என்பர். சொல்வோரின் நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் நம் கொள்கையில் உலகைப் படைத்து, உயிர்களுக்குப் படியளக்கும் கடவுள் இல்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரம் உரைக்கிறது. ஆதலால், ‘எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்’ என்று தவளையை ஒப்படைத்துவிட்டுப் போக நமக்கு ஓர் இடமில்லை. தொட்டியில் விழுந்த தேரையைக் கண்டவர் யாரோ, அவரே அதற்குத் துணை.

அந்நூலே இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மாடு கன்றுகளை மனத்திற்கொண்டே இவற்றை விளக்குவது வழக்கம். இன்று நம் வீடுகளில் மாடும் இல்லை, கன்றும் இல்லை. எனவே இக்குற்றங்களும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். தவளையை முன்வைத்து இவ்வைந்தையும் மீண்டும் ஒருமுறை படிப்போமாக.

கட்டுதல் என்பது கயிற்றால் மட்டும் நிகழ்வதன்று. சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியின் மூடி சற்றே திறந்திருந்தால் தேரை உள்ளே விழும். மரத்தவளை சுவரேறி வெளிவரும். தேரையால் வழுவழுப்பான செங்குத்துச் சுவரில் ஏற இயலாது. நீந்தி நீந்திக் களைத்து இறக்கும். 2003 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகளும் இவ்வாறே. நீருக்கு நன்மை செய்யும் குழி, மூடி சரியில்லையேல் உயிருக்குச் சிறையாகிறது. மூடியை இறுக்கமாகப் பொருத்துவதும், திறந்த தொட்டியில் ஒரு சாய்பலகையோ முரட்டுத் தேங்காய்நார்க் கயிறோ இட்டு வைப்பதும் போதும். பிள்ளைகள் தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் அடைத்து வைப்பதும் கட்டுதலே. பார்க்கட்டும், பார்த்தபின் எடுத்த நீரிலேயே விடக் கற்பிப்போம்.

அடித்தல் என்றால் துடைப்பத்தால் அடிப்பது மட்டுமா? தவளையை விரட்ட உப்பைத் தூவுவோர் உண்டு. சுடுநீர் ஊற்றுவோர் உண்டு. நீரைத் தோலால் பருகும் உயிருக்கு உப்பு என்ன செய்யும் என்பதை மேலே கூறியவற்றிலிருந்து அறியலாம். பினாயிலும் அவ்வாறே. தரையைக் கழுவுமுன் மூலையைப் பார்த்து, இருக்கும் உயிரை அகற்றிவிட்டுக் கழுவுதல் அரை நிமிட வேலை.

உறுப்பறுத்தல் கதவிடுக்கில் நிகழ்கிறது. மரத்தவளை பகலில் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் சன்னல் கீலிலும் ஒடுங்கியிருக்கும். வேகமாக அடிக்கும் கதவு அதன் காலை நசுக்கும். புல்வெட்டும் இயந்திரமும் அப்படியே. பள்ளி, கல்லூரிகளில் நெடுங்காலம் தவளையை அறுத்தே பாடம் நடந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2014 ஆம் ஆண்டில், கல்லூரி வகுப்புகளில் விலங்குகளை அறுத்துக் கற்பிப்பதைக் கைவிடுமாறு அறிவித்தது. பாடத்திற்கென நிகழ்ந்த அறுப்பே நிறுத்தத்தக்கதாயின், விரைவின் பொருட்டு நிகழும் அறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மிகுபாரம் ஏற்றுதல் வண்டிச் சக்கரத்தால் நேர்கிறது. மழை நாளில் தேரை வண்டியின் அடியில் உலர்ந்த இடம் தேடி வந்தமர்கிறது. வண்டியை எடுக்குமுன் குனிந்து ஒருமுறை பார்ப்பவர் அன்றைய நோன்பைக் காத்தவராவார். உணவும் நீரும் தடுத்தல் என்பதோ, மதிலுக்குள் ஒரு சாண் மண்ணும் இன்றி எங்கும் சிமென்ட் பூசுவதும், பூச்சிமருந்தால் தோட்டத்தையே வெறுமையாக்குவதும் ஆகும். ஒரு மூலையேனும் மண்ணாக, நிழலாக, ஈரமாக இருக்கட்டும்.

இனி ஐயங்களுக்கு வருவோம். ‘நாங்கள் கொல்வதில்லை, பிடித்துக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுகிறோம்’ என்பார் சிலர். நல்லெண்ணமே. ஆயினும் நீர் வடிகட்டும் நம் வழக்கத்தை நினைவுகூர்க. வடித்த துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அதே கிணற்றில் சேர்க்க வேண்டும் என்பது முறை. ஒரு நீரில் வாழும் உயிருக்கு மற்றொரு நீர் ஒவ்வாது என்பதே காரணம். இந்த நுட்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத உயிருக்குக் கடைப்பிடித்த நாம், கண்ணெதிரே உள்ள தவளைக்கு மட்டும் ஏன் மறக்க வேண்டும்? தவளைகளுள் பலவும் பழகிய இடத்தை நாடித் திரும்பும் இயல்புடையவை. திரும்பும் வழியில் இன்று நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. ஆகவே, ஈரத் துணியாலோ நீரில் நனைத்த கையாலோ மெல்ல எடுத்து, அதே தோட்டத்தின் நிழலில் சில அடி தொலைவில் விடுவதே முறை. பின்பு கையைச் சோப்பிட்டுக் கழுவுக. தேரையின் கண்களுக்குப் பின்னுள்ள சுரப்பிகளில் நஞ்சு உண்டு. அதை அழுத்தித் துன்புறுத்தினால் அது கசியும். தொடுவதால் மரு வரும் என்பதும், குழந்தை மெலிவது தேரையால் என்பதும் உண்மையல்ல. மெலியும் குழந்தைக்கு வேண்டியது மருத்துவமும் நல்லுணவும்.

‘தவளை பூச்சிகளைத் தின்கிறதே, அதற்கு இடங்கொடுப்பது அப்பூச்சிகளின் கொலைக்கு உடந்தையாவதன்றோ?’ என்பது நம்மவரே கேட்கக்கூடிய கூர்மையான வினா. நாம் பூச்சியைப் பிடித்துத் தவளைக்கு ஊட்டினால் அது நம் செயல். தவளை தன் இயல்பால் உண்பது அதன் வினைவழிப்பட்டது. தடுப்பதற்கு இயலாத இடத்தில் மாத்தியஸ்த பாவனையே நமக்கு உரியது. ஆனால் அதில் நம் பங்கு எது என்று பார்த்துக் குறைப்பது நம் கடமை. இரவெல்லாம் வாயிலில் எரியும் விளக்கைக் கருதுக. ஒளிக்குப் பூச்சி வருகிறது. பூச்சிக்குத் தவளை வருகிறது. இரண்டும் நம் காலடியில் வந்து சேர்கின்றன. இரவுணவை நாம் விலக்கியதற்குக் கூறப்படும் காரணங்களுள் விளக்கொளியில் விழுந்து மடியும் உயிர்களும் ஒன்று. வேண்டாத விளக்கை அணைத்தால் பூச்சியும் பிழைக்கும், தவளையும் மிதிபடாது, மின்கட்டணமும் குறையும்.

டெங்குக் காய்ச்சல் அச்சம் நியாயமானது. குடும்பத்தைக் காப்பதும் இல்லறத்தான் அறமே. ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நன்னீரில் முட்டையிடுகிறது. இங்கும் முன்கூட்டிய விழிப்பே குறைந்த இம்சை உடையது. பழைய டயர், உடைந்த தொட்டி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் நீர் சேருமுன்பே கவிழ்த்து வைத்தால், அதில் கொசுவும் பிறவாது, தலைப்பிரட்டையும் பிறவாது. பிறந்தபின் கொட்டி அழிக்கும் நிலையும் வாராது. தவளையைத் தேடிப் பாம்பு வருமென்ற அச்சத்திற்கும் இதுவே விடை. செங்கற் குவியலையும் எலிவளையையும் நீக்கினால் பாம்பு தங்க இடமிராது. மீறி வந்தால் தீயணைப்பு, மீட்புப் பணித் துறையினரை அழைக்கலாம். தடியை எடுக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் மிக நுணுக்கம், இல்லறத்தாருக்கு இயலுமா என்று மலைக்க வேண்டா. எண்ணித் துணிந்து செய்யும் கொலையை முற்றும் விடுவதும், சமைத்தல், துடைத்தல், தொழில் செய்தல் முதலியவற்றால் நேரும் இம்சையை இயன்றவரை குறைப்பதுமே நமக்கு விதிக்கப்பட்டது. மாவால் செய்த கோழியைப் பலியிட்டதும் பெருந்துன்பத்திற்கு வித்தானதை யசோதர காவியம் கூறுகிறது. எண்ணமே அங்குக் குற்றமாயிற்று. எண்ணம் தூய்மையாய் இருப்பினும் கவனமின்மை குற்றமாகும் என்பது அதன் மறுபக்கம். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், மதுரைக்குப் புறப்பட்ட கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் எச்சரிப்பதைக் காண்க. கள்வரைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ மட்டும் அவர் கவலைப்படவில்லை. நீர்க்கரை வழியில் நண்டும் நத்தையும் அறியாமல் காலடியில் படக்கூடும், பட்டால் அத்துன்பம் தாங்கற்கரியது என்று அந்தச் சமணத் துறவி அஞ்சினார். வாழ்வு சிதைந்து ஊரைவிட்டுச் செல்லும் இருவரிடம் நத்தையைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றலாம். தன் துயர் மிகுந்திருக்கும்போதும் காலடியைப் பார்ப்பதுதான் அறம் என்பதே அவர் கருத்தாக நாம் கொள்கிறோம்.

உலகளவிலும் இன்று இவ்வுயிர்களின் நிலை கவலைக்குரியது. 2023 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களை மதிப்பிட்டு, அவற்றுள் ஏறத்தாழ 41 விழுக்காடு அழிவை எதிர்நோக்குவதாகக் காட்டியது. வாழிடம் அழிவதும், நோயும், மாறிவரும் தட்பவெப்பமும் காரணங்கள். அவற்றை எல்லாம் நாம் ஒருவராய் மாற்ற இயலாது. நம் மதிலுக்குட்பட்ட நிலம் மட்டும் நம் கையில் இருக்கிறது.

முனிவர்கள் மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவது, நிலமெங்கும் உயிர்கள் பெருகியிருக்கும் என்பதனால். வடநாட்டு மழையை ஒட்டி அமைந்த அக்காலம் தீபாவளியோடு, அதாவது மகாவீரர் நிர்வாணம் எய்திய நாளோடு, நிறைவுறுகிறது. சென்னைக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. ஆகவே நம் ஊரில் நிலம் உயிர்களால் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். ஏட்டின்படி சாதுர்மாசம் முடிந்தாலும் அதன் காரணம் நம் வாயிலில் முடிவதில்லை. எனவே தீபாவளி முதல் மார்கழிப் பிறப்பு வரை, இல்லறத்தாராகிய நாம் ஒரு சிறு நோன்பை மேற்கொள்ளலாம்: இரவில் விளக்கின்றித் தோட்டத்தில் நடவாமை, வண்டியை எடுக்குமுன் குனிந்து பார்த்தல், தொட்டி மூடியை நாள்தோறும் சோதித்தல், பினாயிலைத் தவிர்த்தல், பட்டாசை விலக்குதல். பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொண்டால், அகிம்சை என்னும் சொல்லை அவர்கள் கையால் கற்பார்கள்.

பகவானின் சமவசரணத்தில் பன்னிரண்டு அவைகள் உண்டு. அவற்றுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது. மனமுடைய ஐம்பொறி விலங்குகள் இல்லறத்தாரைப் போல ஐந்தாம் குணத்தானம் வரை உயரவும் கூடும் என்பது நம் சித்தாந்தம். ஜினேந்திரர் தம் திருமுன்னிலையில் இடம் அளித்த உயிருக்கு, நம் வீட்டுப் படிக்கட்டின் நிழலில் இடமில்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?